வீட்டுச் சோப்பும் மழைத் தண்ணீரும்

செகந்திராபாத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், ஊரிலிருந்து வரும் தேங்காய் எண்ணெயைக் கொண்டு வீட்டிலேயே குளியல் சோப்புச் செய்கிறார்கள். "நாகர்கோவிலில் அக்கா செய்கிற அதே அளவில்தான் செய்தேன். அங்கே பொங்கப் பொங்க நுரைக்கிறது. இங்கே தலையெல்லாம் பிசுபிசுக்கிறது. மழைத் தண்ணீரில் செய்தால் சரியாகிவிடுமாமே, உண்மையா?" என்று சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார். பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நாம் இங்கே பெரும்பாலும் புழங்குவது போர் தண்ணீர். பாறைக்குள் கிடந்த தண்ணீராதலால் அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோப்பு என்பது எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் சோடியத்துடன் சேர்ந்த பொருள். கால்சியத்தைக் கண்டதும் அந்த அமிலம் சோடியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்துடன் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும். வாளியின் விளிம்பில் படிவதும், தலைமுடியில் ஒட்டுவதும் அதுதான். தண்ணீரிலுள்ள கால்சியம் தீர்ந்த பிறகே நுரை தலைகாட்டும்.

ரயில்வேக்காரர்களுக்கு இது பழைய பகை. நான் 1981-இல் வேலையில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடினமான தண்ணீரை பாய்லரில் விட்டால் குழாய்களில் ஓடு போலப் படிந்து, நிலக்கரியைத் தின்னும், குழாயையும் கெடுக்கும். ஆகவே சுண்ணாம்பும் சோடாவும் கலந்து தெளியவைத்துத்தான் எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுவோம். சுண்ணாம்பால் தண்ணீரை மென்மையாக்கும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் பேராசிரியர் தாமஸ் கிளார்க். தண்ணீரின் கடினத்தை அளக்க அவர் கையாண்ட கருவி, வேடிக்கையாக, சோப்புக் கரைசலேதான்.

அந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். வீட்டுச் சோப்பைச் சிறிது சீவி மழைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் அரை டம்ளர் போர் தண்ணீரும் அரை டம்ளர் மழைத் தண்ணீரும் எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டுக் குலுக்குங்கள். 5 நிமிடம் கலையாமல் நுரை நிற்க எத்தனை சொட்டு தேவைப்பட்டது என்று எண்ணுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பள்ளிப் பாடமும் ஆயிற்று.

இனி கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது; வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. நம் வீட்டுத் தண்ணீர் 400 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ எண்ணெயில் சோப்புச் செய்ய 300 மில்லிலிட்டர் தண்ணீர் போதும். அதிலுள்ள கடினம் 120 மில்லிகிராம். அது வீணாக்கும் சோப்பு 1 கிராம்கூட இல்லை. அதே தண்ணீர் 15 லிட்டர் பிடித்துத் துணி ஊறவைத்தாலோ, அதிலுள்ள கடினம் 6 கிராம். அது நுரை வருவதற்கு முன்பே ஏறக்குறைய 30 கிராம் சோப்பை விழுங்கிவிடும்!

ஆக, பிசுபிசுப்புக்குக் காரணம் சோப்பு செய்த தண்ணீர் அல்ல, குளிக்கிற தண்ணீர். கடைச் சோப்புகள் பலவற்றில் கால்சியத்தைக் கட்டிப்போட ஈ.டி.டி.ஏ. என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். வீட்டுச் சோப்பில் அது கிடையாது. அந்தச் சகோதரியின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் செய்முறையில் மழைத் தண்ணீர் வேண்டாமா? வேண்டும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் சோப்பு நிறம் மாறும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மழைத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை, காசும் இல்லை.

பிடிப்பதற்கு நம் பாட்டிமார் முறைக்கு மிஞ்சியது எதுவுமில்லை. வேட்டியை நான்கு மூலையிலும் உயரக் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றைப் போட்டு, கீழே பாத்திரம் வைப்பது. 2 சதுர மீட்டர் துணியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 லிட்டர். முதல் கால் மணி நேர மழையில் காற்றிலுள்ள தூசியெல்லாம் இறங்கும், அதை விட்டுவிடுங்கள். மொட்டைமாடிக் குழாயிலிருந்து பிடித்தால் சுண்ணாம்பும் புறா எச்சமும் சேர்ந்து வரும், சோப்புக்கு ஆகாது. பிடித்ததை வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றி, மூடி வையுங்கள்.

அளவு இதுதான்: தேங்காய் எண்ணெய் 400 கிராம், கடலை எண்ணெய் 500, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 146, மழைத் தண்ணீர் 300. எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். ஆழாக்குக் கணக்கு உதவாது. தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, காஸ்டிக்கின்மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகளை அறையிலேயே விடாதீர்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து, தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் வாருங்கள். கெட்டியானதும், கையுறையோடேயே, துண்டு போட்டு நிழலில் 6 வாரம் காயவிடுங்கள்.

மீதி மழைத் தண்ணீரைக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையை நனைக்க ஒரு செம்பு, நுரையை அலச மூன்று செம்பு. நுரை முழுதும் போன பிறகு போர் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம். முதலில் போர் தண்ணீரில் அலசினால் பழையபடி பிசுக்குத்தான்.

இன்னொன்று. மழை மாதங்களில் சோப்பு வார்த்தால், அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும், காய நாளாகும். ஆகவே ஆகஸ்டு, செப்டம்பரில் தண்ணீரைப் பிடித்து வைத்து, வானம் வெளுத்த பிறகு அக்டோபர் கடைசியில் வார்ப்பது வசதி. மார்கழிக் குளியலுக்குச் சோப்பு தயாராகியிருக்கும்.