ஸ்டிக் இல்லாத இரண்டு வாரம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய கோடை முகாம் அட்டவணையை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு தாள், கலர் கலராகக் கட்டம். “சும்மா பார்த்துச் சொல்லுங்க சார்” என்று எழுதியிருந்தாய். சும்மா பார்க்க எனக்கு வராது என்று தெரிந்துதானே அனுப்பினாய்? பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்கே கொடுக்கிறேன். பயிற்சியாளர் படிப்பு முடித்துவிட்டு வந்து கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் விசிலோடு நிற்கிற உன் வயசுப் பிள்ளைகள் பலரும் இதே அட்டவணையைத்தான் வேறு வேறு கலரில் வைத்திருக்கிறார்கள்.

நேரே முதல் தாளுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் ‘அடிப்படை உடல்தகுதி’. ரவுண்டு ஓட்டம், ஷட்டில், யோ-யோ டெஸ்ட், மேட்டில் ஏறி இறங்குவது. ஸ்டிக் எங்கே? மூன்றாவது வாரம் திங்கட்கிழமைதான் அதைப் பையன் கையில் கொடுக்கிறாய். ஹாக்கி முகாமில் பதினாலு நாள் ஹாக்கி கிடையாது. ஹாக்கிப்பட்டி என்று பெயர் வாங்கின ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு தாளை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

இது எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டுத் தொழில்முறை அணிகள் சீசனுக்கு முன்னால் செய்கிற வேலை இது. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்றே ஒரு ஃபுட்பால் உண்டு. மார்ச்சில் தொடங்குகிற லீக்குக்கு நவம்பர் மாசமே ஆட்களைக் கூப்பிட்டு ஓடவிடுவார்கள். அவர்கள் சம்பளம் வாங்குகிற பெரிய ஆட்கள். கைவேலை எல்லாம் எப்போதோ படிந்துவிட்டது, லீவில் ஏறின சதையைக் குறைக்க வேண்டும், மூச்சைத் திரும்பக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கேயும் பள்ளிக்கூடம் முடித்து அணிக்குள் வருகிற பதினெட்டு வயசுப் பையனுக்கு முதல் வருஷம் ஓட்டத்தைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். நீ பதிமூன்று வயசுப் பையனுக்குப் பெரிய ஆளின் அளவில் சட்டை தைத்து வைத்திருக்கிறாய்.

உன் பையன்கள் யார்? திட்டங்குளத்திலிருந்தும் இலுப்பையூரணியிலிருந்தும் காலையில் சைக்கிளை மிதித்து வருகிறவர்கள். லீவு விட்டால் ஆடு மேய்க்கவும் காட்டுக்கும் கடைக்கும் ஓடுகிறவர்கள். மூச்சு அவர்களிடம் இருக்கிறது. இல்லாதது கை. இடது மணிக்கட்டு ஸ்டிக்கைப் புரட்டப் பழக வேண்டும், வலது கை பிடியைத் தளர்த்தப் பழக வேண்டும். அந்த வயசில் கையில் ஏறுவது இருபதில் ஏறாது. ஓட்டத்தை இருபதில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும், பந்தோடு ஓடட்டும். இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் நிமிர்த்தி ஓடுவதுதான் நம் ஆட்டத்து ஓட்டம். நிமிர்ந்து ஓடிப் பழகினவனுக்குத் தொடையும் கீழ்முதுகும் அந்த வேலைக்குத் தயாராகியிருக்காது. மூன்றாவது வாரம் குனியச் சொன்னதும் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான், நீ அவனுக்குத் தகுதி போதவில்லை என்று இன்னும் ரெண்டு ரவுண்டு கொடுப்பாய். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, இருபத்து நாலு நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மதுரையில் நான் பார்த்த ஆட்டங்களில் வார்ம்-அப் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே பந்து தரைக்கு வந்துவிடும். பந்தில்லாமல் அவர்கள் செய்தது ரொம்பக் கொஞ்சம்.

அடுத்து ஸ்டாப்பிங். ‘ஆரம்பிச்சுட்டார்’ என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரி. ஆறு வாரத்தில் டிராக் ஃப்ளிக்குக்கு எத்தனை கட்டம், டிரிபிளிங்குக்கு எத்தனை கட்டம்! பந்தை வாங்குவதற்கு ஒரே ஒரு கட்டம், அதிலும் ‘புஷ் அண்ட் ஸ்டாப், ஜோடியாக’ என்று எழுதி முடித்துவிட்டாய். எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, வருகிற பந்தையே முறைத்துப் பார்த்து நிறுத்துவது வாங்குவது ஆகாது. பந்து அடிபட்டதும் ஒரு தடவை தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். பாதி வழியில் வரும்போது இன்னொரு தடவை. ஸ்டிக்கின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பந்து தொடுகிற நொடியில் கையைப் பின்னுக்கு விட வேண்டும். கிணற்றடியில் நிறைகுடத்தைக் கைமாற்றி வாங்குகிறவளின் முழங்கை தானாக மடங்குமே, அந்த அளவு விட்டால் போதும். பந்து நிற்கிற இடம் அடுத்த அடி வைக்கப் போகிற இடமாக இருக்க வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள். இதற்கு ஒரு கட்டம் போதுமா?

இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கரிசல் தரை. சரள் அடித்து உருளை ஓட்டின மைதானம் என்று பேர்தான். சித்திரையில் சரளுக்கு அடியில் மண் வாய்பிளந்துவிடும். நேராக வருகிற பந்து வெடிப்பு விளிம்பில் பட்டு முழங்காலுக்கு எழும்பும், இல்லையென்றால் சட்டென்று செத்துப் போகும். ஒரு கோடை மழை பெய்துவிட்டால் ஷூவுக்கு அடியில் மண் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு படி கனக்கும். அப்படிப்பட்ட தரையில் ஸ்டிக்கை ஏறக்குறையப் படுக்க வைத்து, பந்து எந்தப் பக்கம் துள்ளினாலும் மரத்தில் விழும்படிதான் வாங்குவோம். மில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் மதிலோரம் நிற்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரர்கள் கையில் மருந்து வாடையோடு வருவார்கள். ஒருத்தரும் ஸ்டிக் பிடித்தவர் இல்லை. ஆனால் எவன் பந்தை வாங்கத் தெரிந்தவன் என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். கோல் போட்டவனுக்குக் கைதட்டல். பின்னால் நின்று ஒரு முரட்டு ஹிட்டைச் சத்தமில்லாமல் நிறுத்தினவனுக்கு, ஆட்டம் முடிந்ததும் கடலைமிட்டாய். எது பெரிசு என்று அந்த வயசிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

பழைய ஆள் மண்தரைப் புகழ் பாடுகிறான் என்று நினைக்காதே. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது, இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. டர்ஃப்தான் நம்மைக் கெடுத்தது என்று அன்றிலிருந்து ஒரு ஒப்பாரி. 1980இல் மாஸ்கோவிலும் செயற்கைத் தரைதான். நம்ம சென்னை பாஸ்கரன் கேப்டனாக இருந்து, இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார். மேற்கு நாடுகள் பல வராத ஒலிம்பிக்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மண்ணில் படிந்த கை செயற்கைத் தரையில் தோற்றுப் போகவில்லை. கிருஷ்ணா நகரில் டர்ஃப் வந்தபோது ரொம்ப சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தன். அது இல்லாமல் இன்றைக்கு எந்தப் பையனும் மேலே போக முடியாது. ஆனால் நனைந்த டர்ஃபில் பந்து சொன்னபடி வரும். சொன்னபடி வருகிற பந்தை மட்டுமே வாங்கிப் பழகினவன், கொஞ்சம் மாறி வந்தால் கை விறைத்து நிற்கிறான்.

தண்ணீர் விஷயம் ஒன்று இருக்கிறது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊர் இது. இங்கே ஒரு ஆட்டத்துக்கு முன்னால் டர்ஃபுக்குப் பீய்ச்சுகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்கும். சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பே தண்ணீர் தேவைப்படாத தரைக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறது. அது வரும்போது காய்ந்த தரையில் பந்து வாங்கத் தெரிந்தவனுக்கு மதிப்புக் கூடும். அதனால் வாரத்தில் ரெண்டு நாள் பையன்களைப் பள்ளிக்கூட மண்தரைக்குக் கூட்டிப் போ. டர்ஃப் இடம் கிடைக்காத நாளில் ஒப்புக்குப் போவதாக இல்லாமல், அட்டவணையிலேயே எழுதிப் போ.

இனி நாலாவது தாள். பையன்கள் பெயருக்கு நேரே ‘டிஃபெண்டர்’, ‘மிட்ஃபீல்டர்’, ‘ஸ்டிரைக்கர்’ என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் உயரம், எடை, ஐம்பது மீட்டர் நேரம். உயரமானவன் எல்லாம் பின்னால், வேகமானவன் எல்லாம் முன்னால். ஏழாம் வகுப்பு தாண்டாத பிள்ளைக்கு அதற்குள் இடம் குறித்துவிட்டாய். பதிமூன்று வயசில் ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இதில் பிறந்த தேதியை வேறு நம்பி வயசுப் பிரிவு பிரித்திருக்கிறாய். நம் பக்கத்துப் பள்ளிக்கூடப் பதிவேட்டைத் திறந்து பார், பாதிப் பேர் மே மாசமும் ஜூன் மாசமும்தான் பிறந்திருப்பார்கள். சேர்க்கைக்கு வயசு சரியாக வரட்டும் என்று யாரோ வாத்தியார் போட்ட தேதி அது. தேதியை ஓரமாக வைத்துவிட்டுப் பையனின் தோளையும் கணுக்காலையும் பார்.

இன்றைக்கு ஓடி ஜெயிக்கிறவன் முன்னால் வளர்ந்தவன், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் மற்றவன் எட்டிப் பிடிப்பான். அதற்குள் நீ அவனை ரிசர்வில் உட்கார வைத்தால், அவன் மாலை நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவான். இந்த ஊரில் வேலைக்குக் கூப்பிட ஆளா இல்லை? முகாம் முடிகிற வரைக்கும் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். ஃபுல்பேக்காக நின்று அடி வாங்கினவனுக்குத்தான் முன்னால் போனதும் எங்கே பந்து கேட்க வேண்டும் என்று தெரியும். இன்னொன்று, வேகமாக வளர்கிற பையன் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற மேட்டில் வலிக்கிறது என்று சொன்னால் சாக்கு என்று நினைக்காதே. எலும்பு முந்திக்கொண்டு வளர, தசைநார் அந்த இடத்தில் இழுக்கிறது. அவனை உன் மேட்டு ஓட்டத்திலிருந்து எடுத்துவிடு. உட்கார்ந்த இடத்தில் ஸ்டிக்கும் பந்தும் கொடு.

மாரீஸ்வரனையும் அரியலூர் கார்த்தியையும் உன் தாளின் தலைப்பில் போட்டிருக்கிறாய். போடத்தான் வேண்டும். ரெண்டு பேரும் நம் ஊர் விளையாட்டு விடுதியில் பழகினவர்கள். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஒன்றாகப் போனார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி முதல் கால்பகுதியிலேயே கோல் போட்டபோது இங்கே டீக்கடையில் கிளாஸைக் கீழே வைக்க ஆள் இல்லை. அடுத்த வருஷம் சென்னையில் மலேசியாவை 5-0 என்று அடித்த ஆட்டத்திலும் முதல் கோல் அவருடையது. நம் ஆட்கள் அந்தக் கோலைப் பற்றியே பேசுகிறார்கள். நீயும் அதையே பையன்களுக்குப் போட்டுக் காட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். கோலுக்கு முந்தின பத்து நொடியைக் காட்டு. பந்து வராதபோது அவர் எங்கே நகர்கிறார் என்பதைக் காட்டு. மே மாசம் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடக்கும்போது பையன்களைக் கூட்டிப் போய் ஆளுக்கு ஒரு ஆட்டக்காரரைக் கொடுத்து, அவரிடம் பந்து இல்லாத நேரத்தை மட்டும் பார்த்து வரச் சொல். நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் நம் வாசலுக்கு வந்து ஆடுகிற ஊர் வேறு எத்தனை இருக்கிறது?

திட்டிக்கொண்டே போகிறேன், ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். கடைசித் தாளின் அடியில், பென்சிலில், கலர் இல்லாமல் ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கிறாயே, ‘யார் யாருக்குப் பந்து கொடுப்பதே இல்லை’ என்று. தம்பி, அதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எந்தப் படிப்பிலும் அதைச் சொல்லித் தர மாட்டார்கள். ஒரு தெருப் பையன் இன்னொரு தெருப் பையனுக்குப் பந்து கொடுக்காமல் இருப்பது இந்த மண்ணில் ஆட்டத்தோடு நிற்கிற விஷயம் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லிக் காட்டாமல் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்த ரெண்டு பேரையும் ஒரே ஜோடியில் போடலாம் என்று ஓரத்தில் எழுதியும் இருக்கிறாய். இவ்வளவு கூர்மையான கண் உன் வயசில் எனக்குத் தெரிந்து யாருக்கும் வாய்த்ததில்லை. மற்ற ஐந்து தாளையும் கிழித்துப் போட்டாலும் அந்தக் கட்டத்தை வைத்தே நீ ஒரு அணி கட்டிவிடுவாய். அதற்காகத்தான் மற்றதில் இவ்வளவு எரிச்சல்.

முதல் இரண்டு வாரத்தைத் திருத்தி எழுதி, பள்ளிக்கூடம் லீவு விடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. காலை எட்டு மணிக்கு மேல் யாரையும் வெயிலில் நிறுத்த மாட்டேன் என்று எழுதியதை மாற்றாதே, அது அப்படியே இருக்கட்டும். ஓட்டத்துக்குப் பிறகு அவித்த கடலையும் முட்டையும் என்று போட்டிருக்கிறாய், அதற்குக் காசு யார் கொடுக்கிறார்கள் என்றும் எழுது. ஊரில் கேட்டால் கொடுப்பார்கள், கேட்கத்தான் ஆள் வேண்டும். நானும் கூட வருகிறேன்.

கோல்கீப்பர்களுக்கு ஆறு தாளிலும் ஒரு வரி இல்லை. பேடு இல்லை என்பாய். அது வருகிறவரைக்கும் எதை வைத்து என்ன செய்யலாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அது இதைவிட நீளமாக இருக்கும்.

அன்புடன்,
உன் பி.டி. சார்