ஏலக்காய் விலைப்பட்டியலை இமெயிலில் அனுப்ப எந்தச் சேவை?

ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏல மையம் போடிநாயக்கனூரில் உள்ளது. அங்குள்ள சிறு வியாபாரி ஒருவர், வெளியூர் வாடிக்கையாளர்கள் 600 பேருக்கு விலைப்பட்டியல் அனுப்புவதாக வைத்துக் கொள்வோம். இலவச ஜிமெயிலில் ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. எனவே தனிச் சேவை தேவை. தேர்ந்தெடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. கட்டணம்: மெயில்சிம்ப்பின் மாதத் திட்டங்கள் பட்டியலில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையையும், பிரெவோ அனுப்பும் மெயில்களின் எண்ணிக்கையையும் கணக்கிடுகின்றன. பட்டியல் பெரிதாக இருந்து, எப்போதாவது அனுப்புபவருக்கு இரண்டாவது முறை லாபம்.

2. சொந்த டொமைன்: மெயில் உங்களுடையதுதான் என்று உறுதி செய்யும் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். அமைப்புகளுக்கு வழி இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல், இவற்றில் ஒன்றாவது இல்லாத மெயிலை ஜிமெயில் திருப்பி அனுப்பலாம். ஸ்பாம் போல்டரில் தள்ளலாம்.

3. விலகும் லிங்க்: வேண்டாம் என்பவர் எளிதில் விலக முடியாவிட்டால், 'ஸ்பாம்' பட்டனை அழுத்துவார். இது பெருகினால் மற்றவர்களுக்கும் உங்கள் மெயில் இன்பாக்ஸில் சேராது.

4. பட்டியல்: முகவரிகளை சி.எஸ்.வி. பைலாக டவுன்லோட் செய்ய முடிய வேண்டும். அப்போதுதான் பின்னாளில் சேவையை மாற்றினாலும் வாடிக்கையாளர்களை இழக்க மாட்டீர்கள்.

விலைக்குக் கிடைக்கும் முகவரிப் பட்டியலை மட்டும் ஏற்றாதீர்கள். உங்கள் அக்கவுண்ட் முடக்கப்படலாம்.