பழைய மேசைக் கணினியில் உள்ள தமிழ்க் கோப்புகளை மீட்டல்

ஜிலீப் அல் ஷுயூக்கின் அப்பாசியாப் பகுதியில் நெடுங்காலம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்.பி. காலத்து மேசைக் கணினி ஒன்று இன்னும் மூலையில் கிடக்கக்கூடும். நிலப் பத்திர நகல், பாகப்பிரிவினை வரைவு, மறைந்த பெற்றோர்க்கு எழுதிய கடிதம் முதலியன அதனுள் இருக்கலாம். திறந்து பார்த்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற குறிகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதிக் கணினியைக் கழித்துவிடுவோர் பலர். பெரும்பாலும் கோப்பு கெடவில்லை.

மின்னிணைப்புக்கு முன் கேபினட்டைத் திறந்து தூசியை அகற்றுக. குவைத்தின் மண்காற்றுக்குப் பின் குளிர்விசிறி அடைபட்டிருப்பது இயல்பே. மின்வழங்கியின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் விசை இருப்பின் அது 230-இல் நிற்றல் வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால் கணினியின் நாள் பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். அதனை மாற்றி நாளைத் திருத்திய பின்னரே கோப்புகளைத் தொடுக. பழுதுபார்ப்பவர் எடுத்த எடுப்பிலேயே ‘ஃபார்மட்’ செய்யலாம் என்றால் இசைய வேண்டா. விண்டோஸ் 98 கணினியில் யூ.எஸ்.பி. நினைவகம் தனி இயக்கி நிறுவாமல் வேலை செய்யாது. ஆகவே வன்தட்டைக் கழற்றி, ஐ.டி.இ. இணைப்பான் வழியாகப் புதிய கணினியில் பொருத்தி, எல்லாவற்றையும் நகலெடுப்பதே எளிது. விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியையும் மறவாது நகலெடுக்க. அதனை விட்டுவிட்டால் ஏனைய நகல்களைப் படித்தல் கடினமாகலாம்.

ஏனெனில் அக்காலத்தில் தமிழுக்கு ஒரே குறிமுறை இருக்கவில்லை. இலங்கைத் தமிழர் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தனர். இணையத் தமிழர் பலர் டிஸ்கியைப் பின்பற்றினர். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்னும் இரண்டையும் தரப்படுத்தியது; 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துருவை நிறுவினால் அதே ஐந்தும் தமிழாய்த் தோன்றும். வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிந்திருக்கும். நோட்பேடு கோப்பில் இராது. பின்னதற்கு ஒவ்வோர் எழுத்துருவாக இட்டுப் பார்த்தலே வழி.

வளைகுடாவில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்கியும் டாப்பும் ஆங்கிலத்திற்குக் கீழ்ப்பாதி 128 இடங்களை விட்டு, மேற்பாதியில் தமிழை வைத்தவை. இங்கு விற்கப்பட்ட கணினிகள் பலவற்றில் அம்மேற்பாதி அரபு எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே எழுத்துரு இருந்தும் தமிழுக்குப் பதில் அரபு எழுத்துகள் தெரியும். பாமினி பெரும்பாலும் கீழ்ப்பாதியில் இருப்பதால் ஓரளவு தப்பும். எக்ஸ்.பி.யில் இதனைச் சீராக்க, கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ சென்று, ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் யூனிகோடு அல்லாத நிரல்களுக்குரிய மொழியை ஆங்கிலமாக்கி, கணினியை மீண்டும் தொடங்குக. பழைய அரபு மென்பொருள் தேவைப்படின் பிறகு திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

யூனிகோடு தமிழ் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்தால், அதே சாளரத்தின் ‘லாங்குவேஜஸ்’ பக்கத்தில் முதற்பெட்டியைக் குறியிடுக. அரபிக்கும் தமிழுக்கும் அந்த ஒரே பெட்டிதான். அரபு ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினியில் தமிழுக்கெனத் தனியே எதுவும் நிறுவ வேண்டுவதில்லை. நிறுவும்போது கணினி எக்ஸ்.பி. குறுந்தகட்டைக் கேட்கும். தகடு தொலைந்திருப்பின், சில கணினிகளில் ஐ386 என்னும் கோப்புறை வன்தட்டிலேயே இருக்கும்; அதனைக் காட்டலாம். எக்ஸ்.பி.க்குரிய பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. அக்கணினியை இணையத்தில் இணைக்க வேண்டா.

எந்நிலையிலும் ‘சேமிக்கவா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்க. விளங்காத குறிகள் அழிவின் அடையாளம் அல்ல. அவற்றை மாற்றி மீட்கலாம். தமிழிருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், அக்கோப்பில் தமிழ் இல்லை. வேறு நகலைத் தேடுதலே வழி. யூனிகோடாக மாற்றுதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. நகலை மாற்றுக, மூலத்தைத் தீண்டற்க.

இவ்விலக்கு சட்டத்தின் பொருட்டுமாகும். இந்திய நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்தைச் சான்றாக அளிக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதில் கருவியின் விவரமும் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகின்றன. ஓர் எழுத்து மாறினும் அம்மதிப்பு மாறும். உயில் வேறு வகை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும், தற்செயலாக, 63-ஆம் பிரிவே இதனைக் கூறுகிறது: இந்துக்கள், கிறித்தவர்களின் உயிலில் எழுதியவர் கையொப்பமும் இரு சாட்சிகளின் சான்றொப்பமும் வேண்டும். கணினியில் கிடைத்த வரைவு எவ்வளவு தெளிவாயிருப்பினும் உயிலாகாது. எனினும் கையொப்பமிட்ட படி ஊரில் எவரிடமோ, எந்தப் பதிவகத்திலோ உள்ளது என்பதற்கு அவ்வரைவின் நாளும் அதில் குறித்த சாட்சிகளின் பெயர்களும் துப்பாகலாம். அவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு தேடத் தொடங்குக.