அரை கிரவுண்டில் காய்கறி

கேள்வி: அம்பத்தூரில் அரை கிரவுண்டு மனை. வீடு போகப் பின்பக்கம் ஐந்தடி அகலத்துக்கு மண், மேலே மொட்டை மாடி. வீட்டுக்கு வேண்டிய காய்கறியை நாமே விளைவித்துக்கொள்ள முடியுமா?

பதில்: முழுக்க முடியாது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் கீரையை இனி வாங்கவே வேண்டாம். சிறுகீரை விதைத்த 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்; வாரம் ஒரு தொட்டியில் தூவி வாருங்கள்.

பின்பக்கத்து மண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கட்டியும் செங்கல் துண்டும் அடியில் கிடக்கும். தோண்டியெடுத்து, மட்கிய சாணம் கலந்து, குளிக்கும் தண்ணீர் போகும் பக்கம் வாழை வையுங்கள். முருங்கைப் போத்து ஒன்று ஊன்றலாம். ஜன்னலை ஒட்டி மட்டும் வேண்டாம். மழை விட்டதும் கம்பளிப்பூச்சி சுவரேறி உள்ளே வந்துவிடும், அந்த அரிப்பு லேசில் போகாது!

மாடிக்குப் பைகளில் வெண்டையும் கத்தரியும் போதும். ஆடியில் விதைத்தால் புரட்டாசிக்குள் வெண்டை காய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பையின் அடித்துளை அடைத்தால் வேர் அழுகும். தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே நிரப்புங்கள், அதில் உப்பு உண்டு. போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கலந்து ஊற்றுங்கள். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளையை (கிட்) மானிய விலையில் கொடுப்பதுண்டு, விசாரித்துப் பாருங்கள்.