பிளஸ் டூவுக்குப் பிறகு கடக்வாஸ்லா



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கானவை. அரசே முழுச் செலவையும் ஏற்று, பட்டமும் அதிகாரி பதவியும் தரும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு உதவி கேட்டு இதுவரை ஒரு மனுவும் வரவில்லை. பட்டாளம் என்றால் சிப்பாய் வேலை என்றே நாம் நினைத்துவிடுகிறோம். விடியற்காலையில் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளும் போலீஸ் தேர்வையோ, நான்காண்டு அக்னிவீர் பணியையோதான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

நாம் சொல்வது புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியை. முப்படைக்கும் உரிய மாணவர்கள் அங்கே மூன்றாண்டு ஒன்றாகப் படிக்கிறார்கள். பட்டம் தருவது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். ராணுவத்துக்குப் போகிறவருக்கு அதன்பின் டேராடூனில் ஓராண்டுப் பயிற்சி. அப்போது மாதம் 56,100 ரூபாய் கிடைக்கும். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசின் செலவு. கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும். ஆனால் சொந்த விருப்பத்தில் பாதியில் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. வயது 16½ முதல் 19½ வரை. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். மற்ற இரண்டுக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

கணிதத்துக்கு 300 மதிப்பெண், ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த தாளுக்கு 600. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே; தமிழ்வழியில் படித்த பிள்ளை தடுமாறுவது இங்கேதான். எழுத்துத் தேர்வில் தேறினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, அதற்கு 900 மதிப்பெண். குழுவாக வேலை செய்வது, நாலு பேர் முன் தயங்காமல் பேசுவது எல்லாம் பார்க்கப்படும். ஹாக்கி ஊர்ப் பிள்ளைகளுக்கு அணியாகச் சேர்ந்து விளையாடுவதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சுக்குத்தான் பயிற்சி வேண்டும்.

மார்க்கம் என்னாகும் என்ற கேள்வி நியாயமானதே. ராணுவத்தில் மௌலவிகளை மதபோதகர்களாக நியமிக்கிறார்கள். ஆலிம் படித்தவர்களுக்கு அதுவே ஒரு வேலைவாய்ப்பு. கடக்வாஸ்லாவில் பயின்ற ஜமீருத்தீன் ஷா ராணுவத் துணைத் தலைமைத் தளபதிகளில் ஒருவராக உயர்ந்து, பின்னர் 2012 முதல் 2017 வரை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். ஆனால் தாடி விஷயத்தை மறைக்கக் கூடாது. விமானப்படையில் முஸ்லிம் வீரர் தாடி வைக்க முடியாது என்ற நிலையை 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதில் ஃபத்வா சொல்வது நம் வேலை அல்ல. விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் இமாமிடம் பேசி, பிள்ளையையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் என்றால் சீருடை பற்றியும் பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு மனம் உடைவதைவிட இப்போதே வேண்டாம் என்று சொல்வது மேல்.

சிறு பிள்ளைகளுக்கு உடுமலை அருகே அமராவதி நகர் சைனிக் பள்ளி உண்டு. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஜுமுஆ முடிந்ததும் கணிதப் புத்தகத்தோடு நம் அலுவலகத்துக்கு வரட்டும். ஏப்ரல் தேர்வுக்கு டிசம்பரிலும், செப்டம்பர் தேர்வுக்கு மே மாதத்திலும் அறிவிப்பு வருவது வழக்கம்.