தொட்டியில் வளரும் முட்கள்ளிக்குப் பருவந்தோறும் நீர் விடும் முறை

வீட்டு ஜன்னலோரத்தில் சிறு தொட்டி ஒன்றில் முட்கள்ளி வைத்து வளர்க்கும் வழக்கம் நம் நகரங்களிலும் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. வறண்ட பாலையிலும் உயிர் பிழைக்கும் இச்செடி, வாங்கி வந்த ஓராண்டுக்குள் வீட்டினுள் அழுகி மடிவதைப் பலர் கண்டிருப்பார்கள். அது தாகத்தால் மடிவது அரிது. பெரும்பாலும் வளர்ப்பவர் அன்புடன் விட்ட ஜலமே அதற்கு யமனாகிறது.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சிறுமி ஒருத்திக்கு இத்தகைய செடி ஒன்று பரிசாகக் கிடைத்தது. பீங்கான் கிண்ணம் ஒன்றில் அது நடப்பட்டிருந்தது. முற்றத்துத் துளசிக்கு நாள்தோறும் ஜலம் வார்க்கும்போது, மறவாமல் இதற்கும் ஒரு கரண்டி வார்த்து வந்தாள். கோடை முழுவதும் செடி செழிப்பாகவே இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிய பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை. கார்த்திகையில் செடி சற்றே சுருங்கியது. தாகம் என்று எண்ணி இரண்டு கரண்டி வார்த்தாள். ஒரு வாரத்தில் அடித்தண்டு குழைந்து செடி சாய்ந்துவிட்டது. கிண்ணத்தின் அடியில் துவாரம் இல்லை என்பது அதைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இவ்வித நஷ்டம் பிறருக்கு நேராதிருக்க வேண்டிய விவரங்களைக் கீழே காண்க.

செடியின் இயல்பு

முட்கள்ளி இனங்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. மரங்களில் தொற்றி வளரும் ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானே வளர்கிறது. நம் நாட்டுச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியன வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் கீறினால் பால் வடியும். முட்கள்ளியில், பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். இவ்விரு அடையாளங்களால் அவற்றைப் பிரித்தறியலாம்.

இச்செடிக்கு இலைகள் இல்லை. அல்லது மிகச் சிறியனவாயிருந்து உதிர்ந்துவிடும். தண்டே பச்சையம் தாங்கி உணவைத் தயாரிக்கிறது. ஜலத்தைச் சேமிக்கும் களஞ்சியமும் அதுவே. மற்றச் செடிகள் பகலில் சுவாசத் துவாரங்களைத் திறக்க, இது இரவில் திறந்து கரியமிலவாயுவை உட்கொண்டு, பகலில் மூடிக்கொள்கிறது. ஆகையால் வெயிலில் இது இழக்கும் ஈரம் மிகச் சொற்பம். வேர்கள் பெரும்பாலும் மேலாகப் பரவுபவை. மழை பெய்தவுடன் மெல்லிய புதுவேர்களை விட்டு ஜலத்தை விரைவில் உறிஞ்சிக்கொண்டு, மண் காய்ந்ததும் அவ்வேர்களை உதிர்த்துவிடும். நனைவதும் பின்பு நன்கு உலர்வதும் மாறிமாறி வருவதே இதற்கு இயற்கையான வாழ்க்கை. மண் எப்பொழுதும் ஈரமாயிருந்தால் வேருக்குப் பிராணவாயு கிட்டாது. அந்நிலையில் பூஞ்சக் காளான்கள் எளிதில் பற்றி வேரை அழுகச் செய்யும்.

தொட்டியும் மண்ணும்

அடியில் துவாரமில்லாத பாத்திரம் எவ்வளவு அழகாயிருப்பினும் விலக்கத்தக்கது. சுட்ட மண் தொட்டி பக்கங்களின் வழியாகவும் ஈரத்தை வெளிவிடுவதால் சாலச் சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் மண் உலர அதிக நாட்களாகும். தொட்டி செடியைவிட ஓர் அங்குலம் அகலமாயிருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும்.

செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை எரு ஒரு பங்கு, பருமணலும் சிறு செங்கல் துண்டுகளும் சேர்ந்து இரண்டு பங்கு என்னும் கலவை பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது. கடைகளில் கிடைக்கும் செடிகள் பல, தென்னை நார்க்கழிவில் மட்டும் வளர்க்கப்பட்டவை. அது நனைந்தால் நெடுநாள் உலராது. முற்றும் உலர்ந்தாலோ எளிதில் நனையாது. ஆதலால் அச்செடியை மேற்படி கலவைக்கு மாற்றுவது நலம். மாற்றும்போது காயமடைந்த வேர்கள் ஆறுமாறு ஒரு வாரம் ஜலம் விடாதிருக்க வேண்டும்.

நீர் விடும் விதம்

நாள்தோறும் சிறிது என்பது தவறான முறை. விடும்போது மண் முழுவதும் நனைந்து, அடித்துவாரத்தின் வழியே ஜலம் வழியும் வரை விடவேண்டும். கால் மணி நேரம் சென்றபின், கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். பிறகு மண் அடிவரை உலரும் வரை ஒரு துளியும் விடலாகாது.

மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. உலர்ந்ததை அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிச் சற்று நேரம் கழித்து எடுத்துப் பார்க்கவும். ஈரமோ மண்ணோ ஒட்டியிருப்பின் பொறுக்க வேண்டும். அன்றி, ஜலம் விட்டு வடிந்தவுடன் தொட்டியைக் கையில் தூக்கியோ சமையலறைத் தராசில் நிறுத்தோ எடையை அறிந்துகொள்ளவும். நாளடைவில் எடை குறைந்து, பின்பு சில நாட்கள் மாறாமல் நிற்கும்போது மண் உலர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் உப்பு அதிகமாயின் மண்ணின்மேல் வெண்படலம் படியும். சேமித்து வைத்த மழைநீர் மிகவும் உகந்தது. அது இல்லாதவிடத்து, வளரும் பருவத்தில் இரண்டொரு முறை ஜலத்தைத் தாராளமாக விட்டு உப்பைக் கரைத்து வடித்துவிடலாம்.

பருவங்களும் இடைவெளியும்

குளிர்நாடுகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள், பனிக்காலத்தில் ஜலத்தை நிறுத்துமாறு கூறும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அஞ்சத்தக்கது பனியன்று; வடகிழக்குப் பருவமழையே. வெளிச்சம் குறைந்து, காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் அக்காலத்தில் மண் உலர்வதே இல்லை. நான்கு அங்குல மண் தொட்டியை வெளிச்சமுள்ள ஜன்னலில் வைத்திருப்போர் பின்வரும் இடைவெளிகளை ஏறக்குறையக் கொள்ளலாம். பிளாஸ்டிக் தொட்டிக்கு இவற்றை நீட்டிக்க வேண்டும். எவ்வாறாயினும் ஈர்க்குச் சோதனையே முடிவானது.

தை, மாசி: பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை. மழைக்காலம் முழுவதும் காய்ந்திருந்த செடிக்கு முதலில் சிறிதளவே விட்டு, புதுவேர் கிளம்பச் சில நாட்கள் சென்றபின் முழுமையாக விடவேண்டும்.

பங்குனி, சித்திரை முற்பகுதி: எட்டு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை. பல இனங்கள் இப்பொழுது நன்கு வளரும்.

அக்கினி நட்சத்திரக் காலம்: வெயில் கடுமையாதலால் அதிக ஜலம் வேண்டுமெனத் தோன்றும். ஆனால் இரவிலும் உஷ்ணம் தணியாதபோது இச்செடியின் வளர்ச்சி மந்தப்படும். மண் உலர்ந்தபின் மாலையில் மட்டும் விடவும், உச்சிவேளையில் கூடாது. கண்ணாடியின் அருகே நேர்வெயில் படுமாயின் சிறிது நிழல் தருக.

ஆனி முதல் புரட்டாசி வரை: பத்து முதல் பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு முறை. எரு இடுவதானால் தழைச்சத்துக் குறைந்ததாய், நீர்த்த கரைசலாய், இப்பருவத்தில் இடலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, அடைமழை நாட்களில் அதுவும் வேண்டாம். சாரல் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவும்.

உதகமண்டலம் போன்ற மலையூர்களில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி பெய்யும். அங்கே அக்காலத்தில் மண்ணை உலரவே விடுதல் தகும்.

விலக்குகள்

இரவில் வெண்மலர் பூக்கும் நிஷாகந்தி, அதாவது பலர் பிரம்மகமலம் என்றழைக்கும் செடி, முட்கள்ளிக் குடும்பத்தினதே. எனினும் அது மழைக்காட்டு மரங்களில் வளர்வது. மேல்மண் உலர்ந்தவுடன் அதற்கு ஜலம் வேண்டும். சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டையைப் பச்சைத் தண்டின்மேல் ஒட்டு வைத்து விற்கும் செடியில், உருண்டைக்குப் பச்சையம் இல்லை. கீழ்த்தண்டே அதை ஊட்டுகிறது. அத்தண்டு நெடுநாள் வறட்சியைப் பொறாததால் இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாம்.

நோய்க்குறிகள்

செடி சுருங்கி மண் உலர்ந்திருப்பின் அது தாகம். ஜலம் விட்ட சில நாட்களில் நிமிரும். செடி சுருங்கியும் மண் ஈரமாயிருப்பின் வேர் அழுகல் என்று அறிக. அப்பொழுது ஜலம் விடுவது நெருப்பில் நெய் வார்ப்பதாகும். மேற்கண்ட சிறுமியின் செடிக்கு நேர்ந்தது இதுவே. நுனி மெலிந்து வெளுத்து நீளுமாயின் அது வெளிச்சக் குறைவு; ஜலத்தால் தீராது.

அழுகல் அடித்தண்டில் மட்டும் இருந்தால், கூரிய சுத்தமான கத்தியால் மேற்பகுதியை அறுக்கவும். வெட்டுமுகத்தில் பழுப்பு நிறம் காணாதவரை சிறிது சிறிதாக நறுக்கிவிட வேண்டும். பின்பு பத்து நாட்கள் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலின்மேல் நிறுத்தி, வேர் தோன்றிய பின்னரே ஜலம் விடவும்.

ஓர் எச்சரிக்கை

அழகுக்காகவும் வேலிக்காகவும் வந்த கள்ளிகள் இந்நாட்டில் செய்த கேடு சிறிதன்று. சப்பாத்திக்கள்ளி வயலோரங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்துக் கொண்டபோது, 1926-இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியினம் ஒன்றைத் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்து விட்டபின்னரே அது பெருமளவு ஒழிந்தது. ஆகவே வேண்டாத செடியையோ ஒடித்த துண்டையோ வேலியோரத்திலும் புறம்போக்கிலும் எறியலாகாது. ஒரு துண்டும் வேரூன்றும். வெயிலில் முற்றும் காயவைத்து எரித்துவிட வேண்டும்.

முடிவாக, ஐயம் எழும்போது ஒரு வாரம் பொறுப்பதே இச்செடிக்குச் செய்யும் உபகாரம். வாடிய செடி மீளும். அழுகிய வேர் மீளாது.