பழுது சர்வரிலா, கேபிளிலா?

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் வினாடி வினாவுக்கு அமர்ந்திருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டால், "சர்வர் போய்விட்டது" என்று ஆய்வகத்தைப் பூட்டிவிட வேண்டாம். முதலில் எண்ணிப் பாருங்கள்: எத்தனை கணினிகள் இயங்கவில்லை?

ஒன்று மட்டும் எனில்:
1. கேபிளின் இரு முனைகளையும் 'கிளிக்' ஒலி கேட்கும்வரை அழுத்துங்கள்.
2. சுவிட்சில் அந்த போர்ட்டின் விளக்கு எரியவில்லையா? கேபிளை வேறு போர்ட்டில் செருகுங்கள். எரிந்தால் பழைய போர்ட்டே பழுது.
3. எரியாவிட்டால், நன்றாக இயங்கும் கேபிளை இக்கணினியில் பொருத்துங்கள். இணைப்பு வந்தால் பழைய கேபிள் பழுது. வராவிட்டால் கணினியைச் சோதிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பழுது என்று தெரியாது.

எல்லாக் கணினிகளும் எனில், யு.பி.எஸ்., சுவிட்சின் மின்இணைப்பு, சுவிட்சிலிருந்து சர்வருக்குச் செல்லும் கேபிள் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மட்டுமே சர்வரைச் சந்தேகிக்கலாம்.

கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 இணைகளாக உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு 4 கம்பிகளே போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எனவே ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் குறையவும் கூடும். கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

சேத்தியாத்தோப்பு போல வயல் சூழ்ந்த ஊர்களில் எலிக்கடியையும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முனைகளில் படியும் களிம்பையும் மாதம் ஒருமுறை பாருங்கள். இடி மின்னலின்போது வெளியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பிணைய வடங்கள் பற்றிய பாடம் உள்ளது. அதை நடத்தும் நாளில், ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை மாணவர்களே ஒட்டட்டும். அடுத்த முறை பழுதான கேபிளை அவர்களே காட்டித் தருவார்கள்.